கொடிமனையும் கடிமனையும்: பழந்தமிழ் நகரப் பனுவல்களில் கள்ளும் கணிகையர் இல்லமும்

வணிக நகரைக் களமாகக் கொண்ட மிகைபுனைவுகளில் ஓர் இடம் பெரும்பாலும் தவறாமல் அமைந்துவிடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்து. அடையாளப் பலகை இல்லாத கதவு. கீழ்த்தளத்தில் மது, மேல்தளத்தில் மகளிர். வந்தவரின் பெயரைக் கேட்காத உரிமையாளர். அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் படைத்த லாங்க்மார் நகரம் முதலாக இன்று எழுதப்படும் பல புனைவுகள் வரை மதுச்சாலையும் மறைவான இன்ப இல்லமும் நகரத்தின் இருள்முகத்தைக் காட்டும் குறியீடுகளாகப் பயன்படுகின்றன. இவ்வாய்பாட்டைக் கையிற் கொண்டு புகாருக்குள் நுழையும் வாசகர் வியப்படைவார். அங்கும் கடலுண்டு, கலங்கள் உண்டு, மொழி பெயர் தேயத்து மாந்தர் உண்டு, கள்ளும் கணிகையரும் உண்டு. ஆனால் இவையிரண்டும் ஒரே கூரையின்கீழ் இல்லை, மறைவும் அங்கில்லை. மறைவு தேடுவோர் மதுரைக்குச் செல்லவேண்டும். இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பதும், சிலப்பதிகாரம் நீதியைப் பற்றிக் கூறும் செய்தியோடு இது நெருங்கிய தொடர்புடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

புகார் வரலாற்று நகரமே. கீழையூரில் வெளிப்பட்ட செங்கற் படகுத்துறையும் பல்லவனேசுவரத்தில் வெளிப்பட்ட பௌத்த விகாரமும் அதற்குச் சான்றுகள். எனினும் பட்டினப்பாலை, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பனுவல்கள் காட்டும் புகார், மண்ணுக்கடியில் கிடைக்கும் புகாரைவிடப் பெரியது. பூதங்கள் காவல் புரிவதும், பாவை கண்ணீர் சொரிவதும், இந்திரவிழா தவறியதால் கடல் கொள்வதுமாகிய அந்நகரைக் கற்பனை நகரம் என்றே கொள்ளுதல் பொருந்தும். இவ்வாறு கூறுவது அதன் மதிப்பைக் குறைப்பதாகாது. ஒரு சமூகம் தன் நகரைப் பற்றி எதனை விரும்பியது, எதற்கு அஞ்சியது என்பது கற்பனையிற்றான் தெளிவாகத் தெரியும்.

கொடி பறக்கும் வாயில்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளால் இயன்றது. அதில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைத் தொகுத்துக் காட்டும் பகுதி குறிப்பிடத்தக்கது. தெய்வம் உறையும் இடத்துக் கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசான்களின் கொடி, கலங்களின் உச்சியில் ஆடும் கொடி ஆகியவற்றின் வரிசையிலேயே கள் விற்கும் மனையின் கொடியும் இடம்பெறுகிறது. அம்மனையின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கிறது, மணல் பரப்பி மலர் தூவப்பட்டுள்ளது, வாயிலில் தெய்வத்துக்குப் பலி இடப்படுகிறது, பலரும் உட்புகுகின்றனர். அறிஞரின் கொடிக்கும் கள் விற்போர் கொடிக்கும் இடையே புலவர் ஏற்றத்தாழ்வு எதனையும் குறிப்பிடவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலும் கள்ளுக்கொடி ஏனைய கொடிகளோடு கலந்தே பறக்கிறது.

கொடி என்பது அழைப்பு. அதே நேரத்தில் பொறுப்பேற்பும் ஆகும். தன் தொழிலை உயரத்தில் அறிவித்தவர் பின்னர் அதனை இல்லை எனல் இயலாது. பண்டங்களுக்குப் புலிமுத்திரை இட்டுச் சுங்கம் கொள்ளும் காவலரையும், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் வாழும் வணிகரையும் இதே பாட்டுக் காட்டுகிறது. முத்திரை, விலை, கொடி ஆகிய மூன்றும் வெளிப்படைத்தன்மை என்னும் ஒரே நகர அறத்தின் கூறுகள் எனலாம்.

இதனோடு அர்த்தசாத்திரத்தை ஒப்பிட்டால் வேறுபாடு கூர்மையாகும். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் மதுத்துறைத் தலைவனுக்கு வகுக்கப்படும் விதிகளில் மதுச்சாலையின் கட்டட அமைப்பும் சொல்லப்படுகிறது. அது பல அறைகள் உடையதாக, தனித்தனிப் படுக்கையும் இருக்கையும் கொண்டதாக, நறுமணமும் மாலையும் நீரும் நிறைந்ததாக, பருவத்துக்கேற்ற இன்பம் தருவதாக இருக்கவேண்டும். மூடிய அறைகளில் குடித்து உறங்குவோரின் உள்ளக்கருத்தை அழகிய பணிப்பெண்கள் வாயிலாக வணிகர் அறிந்துகொள்ளவேண்டும் என்பதும் விதி. மிகைபுனைவு நாவல்களின் மறைவான மதுச்சாலையை அதன் எல்லா உறுப்புகளோடும் இந்திய இலக்கியத்தில் தேடுவோர் இங்கே காணலாம். ஆனால் இங்கு மறைவு என்பது தோற்றமே. கதவு மூடியிருக்கிறது, அரசின் செவி உள்ளே இருக்கிறது. குடிப்பவர் தாம் தனித்திருப்பதாக நம்புவதே அவ்வமைப்பின் பயன்.

பட்டினப்பாலையில் இத்தகைய அறை இல்லை. இரவில் மகளிர் பட்டினை நீக்கித் துகில் உடுப்பதும், மட்டினை விடுத்து மது மகிழ்வதும், மைந்தர் கண்ணியை மகளிரும் மகளிர் கோதையை மைந்தரும் மாறிச் சூடுவதும் பாடப்படுகின்றன. மாடத்து விளக்குகளைக் கடலிலிருந்து மீனவர் எண்ணுகின்றனர். மாடத்து இன்பம் கடலிலிருந்து காணத்தக்கதாக, எண்ணத்தக்கதாக இருக்கிறது. இத்தகைய நகரையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் கூறுவதற்காகவே இப்பாட்டு முழுவதும் எழுந்தது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். நகரத்தின் அத்தனை செல்வமும் ஒரு விலையாக முன்வைக்கப்பட்டு மறுக்கப்படுகிறது. கோவலன் இம்மறுப்பைச் செய்யவில்லை.

சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கிறது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருப்பிடங்களும், மீன், உப்பு, வெற்றிலை விற்போரும், கள் விற்கும் பெண்டிரும் காட்டப்படுகின்றனர். கணிகையரும் கூத்தியரும் பூவிலை மடந்தையரும் அரசவீதியை உடைய பட்டினப்பாக்கத்தில் வாழ்கின்றனர். இரண்டிற்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி அமைகிறது. கள் விற்பவள் உழைக்கும் மக்களின் பக்கத்திலும், கணிகை அரண்மனையின் பக்கத்திலும் இருக்க, நடுவில் ஒரு சந்தையே நிற்கிறது. இளங்கோவடிகள் வரைந்த இந்நிலப்படத்தில் மதுச்சாலைக்கு மேல்தளம் கிடையாது. ‘கள்’ என்னும் சொல்லும் ‘தேறல்’ என்னும் சொல்லும் இப்பகுப்போடு ஓரளவு ஒத்துச்செல்கின்றன. கள் தெருவில் விற்கப்படுவது. தெளிந்த தேறல் பெரும்பாலும் மனைக்குள் ஏந்தித் தரப்படுவது. யவனர் கலத்தில் வந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்த உண்ணுமாறு நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்று 56ஆம் பாடல் இதற்கு நல்ல சான்று. 1945இல் அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த மதுச்சாடி ஓடுகள் அப்பாட்டிற்கு மண்ணிலிருந்து எழுந்த உரை போன்றவை.

பூதம் பார்க்கும் நகர்

புகாரில் ஐந்து மன்றங்கள் உள்ளன. அவற்றுள் பூதசதுக்கம் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. தவவேடத்தில் மறைந்து தீநெறி செல்வோர், மறைந்தொழுகும் பெண்டிர், அறைபோகும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரை அங்குள்ள பூதம் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும். அதன் குரல் நான்கு காதம் கேட்கும்.

இப்பட்டியலை அறம் தவறியோரின் பொதுப்பட்டியலாகவே வாசிப்பது வழக்கம். கூர்ந்து நோக்கினால் இவர்கள் அனைவரையும் இணைப்பது ஒரே குற்றம். வேடம், மறைவு, இரண்டகம், பொய், புறங்கூற்று என அனைத்தும் மறைப்பின் வகைகளே. களிமகன் இப்பட்டியலில் இல்லை. கணிகையின் இல்லம் செல்பவனும் இல்லை. கோவலன் மாதவியோடு வாழ்ந்த காலமெல்லாம் பூதம் அவன்மீது பாசம் வீசவில்லை. அவன் செயல் கண்ணகிக்குத் துயரமாயிற்று, ஊரறிந்ததாகவும் இருந்தது. ஊரறிந்த தவற்றைப் பூதம் தீண்டாது. ஒரு மனைவியின் துயரைக் குற்றமாகக் காணும் கண் அப்பூதத்துக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எனினும் வெளிப்படையான இந்நகரிலும் ஒன்று மறைக்கப்படுகிறது. அது விலை. அரங்கேற்றம் முடிந்து தலைக்கோல் பெற்ற மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் மறுகில் விற்பாள்போல் நிறுத்தப்படுகிறாள். மாலையின் விலை 1008 கழஞ்சுப் பொன். வாங்குபவன் மாதவிக்குத் துணைவனாவான். விற்கப்படுவது மாலையே, பெண் அன்று. எல்லோரும் அறிந்த பொருளை எவரும் சொல்லாமல் இவ்வணிகம் நடைபெறுகிறது. புகாரின் கணிகையர் இல்லத்தில் மறைவான கதவு இல்லை. மறைவு முழுவதும் இந்த மாலைக்குள் இருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்ற கலை ஒரு நாளில் எடைக்கு மாறுகிறது.

வேனிற்காதையில் இதே வகை வெளி மீண்டும் வருகிறது. ஊடிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி தாழை மடலில் எழுதிய ஓலையை வசந்தமாலை கூலமறுகில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மாலை விற்கப்பட்டதும் கடைத்தெருவில். மடல் மறுக்கப்படுவதும் கடைத்தெருவில். முதலாவதற்கு விலை இருந்தது, அது கொள்ளப்பட்டது. இரண்டாவதற்கு விலை இல்லை. அதனைக் கோவலன் நடிப்பு என்று தள்ளுகிறான். பணம் கொடுத்தபோது ஐயுறாதவன், பணம் கேட்காதபோது ஐயுறுகிறான். வணிக நகரம் தன் மகனுக்குக் கற்பித்த அறிவு இவ்வளவே. வறுமை கூறி நின்ற கோவலனைக் கண்ட கண்ணகியும், மாதவிக்குக் கொடுக்கவே பொருள் வேண்டியிருக்கிறது என்று எண்ணிச் சிலம்பு உண்டு, கொள்ளுங்கள் என்கிறாள். காப்பியத்தின் தலைப்பாகிய அணி முதன்முதலில் கைநீட்டித் தரப்படுவது இன்ப இல்லத்தின் கணக்கைத் தீர்ப்பதற்கே.

இங்கு வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை ஒரு கணம் நினைவுகூரலாம். நான்காம் அங்கத்தில் உஜ்ஜயினிக் கணிகை வசந்தசேனையின் இல்லத்துள் எட்டு முற்றங்களைக் கடந்து செல்லும் விதூடகன், இத்துணைச் செல்வம் எப்படி வந்தது, உங்களுக்கு மரக்கலங்கள் ஓடுகின்றனவா என்று வினவுகிறான். கேலியாகக் கேட்கப்பட்ட வினா எனினும், கணிகையர் மனையும் ஒரு வணிகமே என்பதை அது மறைக்காமல் கூறிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் இவ்வினாவைக் கேட்கத்தக்க விதூடகன் இல்லை. அதனால்தான் மாலை பேசவேண்டியிருக்கிறது.

சுடுமண்

மதுரையில் நிலைமை மாறுகிறது. ஊர்காண் காதையில் கோவலன் அறுபத்து நான்கு கலை வல்ல கணிகையரின் இரு பெரும் வீதிகளைக் கடந்து செல்கிறான். 1008 கழஞ்சு என்னும் தொகை இங்கும் வருகிறது. மாதவியின் மாலையை வாங்கியவனுக்கு அவ்வெண் அந்நியமாக இருந்திராது. சிலதியர் பொன்வள்ளத்தில் ஏந்திய தேறலை மாந்தி நாக்குழறும் மகளிர் இங்குக் காட்டப்படுகின்றனர். புகாரில் சந்தை பிரித்துவைத்த மதுவும் மகளிரும் மதுரையில் ஒரே மனைக்குள் வந்துவிடுகின்றனர். அம்மனைகளுக்கு ஆசிரியர் தரும் அடைமொழியே சிந்தனைக்குரியது. அவை கடிமனைகள். அங்கே முடியுடை அரசர் ஒடுங்குகின்றனர்.

‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, சிறப்பு, அச்சம் முதலாகப் பல பொருள்களைத் தொல்காப்பியம் தருகிறது. காவலுடைய மனை என்பதே இங்கு நேர்பொருள். ஆயினும் ஏனைய பொருள்களின் நிழலும் விழாமல் இல்லை. ‘ஒடுங்குதல்’ மேலும் அழுத்தமான சொல். பகைக்கு அஞ்சியவர் ஒடுங்குவர், ஆமை ஒடுங்கும், முடியரசர் ஒடுங்குவதைத் தமிழ் இலக்கியம் பெருமையாகப் பேசுவதில்லை. பிறர் அறியாதவாறு அரசர் தங்கியிருக்கும் இல்லம் என்று கூறுவதன்வழி, மறைவு என்னும் உரிமை யாருக்கு உரியது என்பதை இளங்கோவடிகள் ஒரே வினையால் உணர்த்திவிடுகிறார். புகாரில் மறைப்பு பூதத்திற்கு இரை. மதுரையில் அது அரசரின் சலுகை. மதுரையில் பூதசதுக்கம் இல்லை. அரசன் கோல் கோடினால் கண்ணீர் உகுக்கும் பாவைமன்றமும் இல்லை.

அம்மனைகளின் சிறப்பைக் கூறும் இடத்தில் வரும் ‘சுடுமண்’ என்னும் சொல் உரைமரபில் இருவகையாகப் பொருள் கொள்ளப்படுகிறது. ஒன்று கட்டடம் பற்றியது: ஓடு ஏறாத கூரை, அதாவது பொற்றகடு வேய்ந்த கூரை. மற்றொன்று தண்டனை பற்றியது: குலநெறி தவறிய கணிகையைச் செங்கல் சுமக்கச் செய்து அரங்கைச் சுற்றிவரச் செய்யும் வழக்கம். அவ்வாறு செங்கல் சுமந்த வடு இல்லாத மகளிர் என்பது இரண்டாவது பொருள். பொற்கூரை என்னும் விளக்கம் வாசகரைக் கவர்வது. மதுரையின் வளத்திற்கும் ஏற்றது. ஆயினும் இரண்டாவது பொருளே வலிமையுடையது. மணிமேகலையில் சித்திராபதி வஞ்சினம் கூறும்போது, தன் முயற்சி கைகூடாவிட்டால் சுடுமண் சுமந்து அரங்கு சூழ்ந்து வடுவோடு வாழும் மடந்தையருள் ஒருத்தியாவேன் என்கிறாள். ஒரே சொல், ஒரே சூழல். சுடுமண்ணோடு வடுவும் இரு காப்பியங்களிலும் சேர்ந்தே வருகிறது. கூரைக்கு வடு ஏது என்னும் வினாவிற்கு முதற்பொருள் கொள்வோர் விடை கூறவேண்டும்.

இப்பொருளை ஏற்றால் கடிமனையின் தோற்றமே மாறிவிடுகிறது. அரசர் அங்கு மறைந்திருக்கலாம். அவர்தம் வருகைக்கு வடு இல்லை. அவரை ஏற்கும் பெண்ணோ, ஒருவனையே விரும்பித் தன் குலத்தொழிலை விட்டால், பட்டப்பகலில் செங்கல்லைத் தலையில் ஏற்றி அரங்கைச் சுற்றவேண்டும். உள்ளே வருபவருக்கு மறைவு. உள்ளிருந்து வெளியேறுபவளுக்கு ஊர்ச்சுற்று. ஒரே வீட்டின் இரு சட்டங்கள் இவை. புகழுரை போலத் தொடங்கும் அடைமொழிக்குள் அச்சுறுத்தல் ஒன்று உறங்குகிறது. ‘கடி’ என்பதற்கு அச்சம் என்னும் பொருள் இங்குத்தான் உயிர்பெறுகிறது.

மதுரையின் இவ்வழகு கதையிலிருந்து விலகி நிற்கும் வருணனையன்று. கொலைக்களக் காதையில் ஆடல் மகளிரின் ஆடலும் பாடலும் மன்னன் உள்ளத்தைக் கவர்ந்தன என்று ஊடிய கோப்பெருந்தேவி தலைநோவைக் காரணம் காட்டி எழுந்து செல்கிறாள். அவளைத் தேற்றச் செல்லும் பாண்டியனைப் பொற்கொல்லன் இடைவழியில் காண்கிறான். சிலம்பு அக்கள்வன் கையதாயின் கொன்று கொணர்க என்னும் ஆணை அவ்விரைவில் பிறக்கிறது. ஊழ் என்றும் வினை என்றும் காப்பியம் இதனைக் கூறும். ஆனால் காட்சியை மட்டும் நோக்கினால், தன் மனம் சென்ற இடத்தை மறைத்துத் தேவியை அமைதிப்படுத்த விரையும் ஒருவனே அங்குத் தெரிகிறான். அரசர் ஒடுங்கும் மனைகளை ஊர்காண் காதையில் கண்டுவந்த வாசகருக்கு, கொலைக்களத்தில் நிகழ்வது முழுவதும் எதிர்பாராததன்று. விசாரணை என்பது வெளிப்படையில் நடக்கவேண்டிய செயல். ஒடுங்கிப் பழகிய அரசு அதனை வழியிலேயே முடித்துவிடுகிறது. கண்ணகி செய்வது அதற்கு நேர்மாறானது. வாயிலோனை அழைத்துத் தன் பெயரும் ஊரும் கணவன் பெயரும் கூறி, சிலம்பை அவையில் எல்லோரும் காண உடைக்கிறாள்.

சித்திராபதியின் குரல்

மதுரைக்காஞ்சியில் இரவின் முற்பகுதியில் தோன்றும் பரத்தையர், செல்வ இளைஞரின் பொருளைக் கவர்ந்தபின் அவரை விட்டு நீங்குகின்றனர். தாதுண்டு வறும்பூவைத் துறக்கும் வண்டு அவர்களுக்கு உவமை. அகப்பாடல்களில் பெரும்பாலும் தலைவனுக்கு ஆகும் வண்டு இங்குப் பெண்ணுக்கு ஆகிறது. இதே உவமையை மணிமேகலையில் சித்திராபதி தன் குலத்தாரைப் பற்றித் தானே சொல்கிறாள். பாணன் இறந்தால் கைமாறும் யாழ் என்றும் தம்மைக் கூறிக்கொள்கிறாள். புலவர் வெளியிலிருந்து இட்ட பழியை அவள் உள்ளிருந்து தொழில்நெறியாக எடுத்துக்கொள்கிறாள். சாத்தனார் அவளைத் தோற்கும் பாத்திரமாகவே படைத்தார். எனினும் நம் இலக்கியத்தில் கணிகையர் இல்லத்தின் தலைவி தன் இல்லத்தின் சட்டத்தை இவ்வளவு தெளிவாகக் கூறும் வேறிடம் அரிது.

அதே காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில் களிமகன் ஒருவன் சமணத் துறவியை மறித்து, தெங்கின் தேறலில் கொலை உண்டோ என்று வாதிடுகிறான். தெருவில் நடக்கும் இக்காட்சியில் நகையே மிகுதி. குடியனை எவரும் தண்டிக்கவில்லை. புகாரின் பழைய இயல்பு அங்கு இன்னும் எஞ்சியிருக்கிறது.

உதயகுமரன் இறந்தபின், மணிமேகலையைத் தன்னோடு அனுப்புமாறு சித்திராபதி அரசியிடம் சென்று இரக்கிறாள். கள்ளும் பொய்யும் காமமும் கொலையும் களவுமாகிய ஐந்தையே தலைமையாகக் கொண்டது நின் வாழ்க்கை. அதற்கு அஞ்சி வெளியேறியவள் நின் மனைக்கு வாராள் என்று இராசமாதேவி மறுக்கிறாள். புகாரின் நிலப்படத்தில் சந்தைக்கு அப்பால் மருவூர்ப்பாக்கத்தில் நின்ற கள், பௌத்தத்தின் ஐந்து விலக்குகளுள் ஒன்றாக, அந்நகரின் கணிகையர் இல்லத்துக்குள் இப்போது நுழைகிறது. மிகைபுனைவுகள் காட்டும் ‘மதுவும் மகளிரும் உள்ள வீடு’ புகாரில் கட்டடமாக எழவில்லை. ஒரு பழிச்சொல்லாகவே எழுந்தது. அதனைச் சொல்பவள் யார் என்பதும் நோக்கத்தக்கது. மணிமேகலைக்குப் பித்தேற்ற மருந்தூட்டியவளும், அவளைக் கெடுக்க இளைஞன் ஒருவனைப் பொருள் கொடுத்து ஏவியவளும், பொய்க்காரணம் காட்டிப் புழுக்கறையில் அடைத்தவளும் இந்த இராசமாதேவியே. அவை யாவும் அரண்மனைச் சுவருக்குள் நடந்தன. சித்திராபதியின் தொழிலோ ஊரறிந்தது.